கிடங்கு எரிந்தது

ஐம்பது வயதைத் தாண்டியும் அவளுக்கு வீட்டில் பெயர் பாப்பாதான். அண்ணன் வைத்த பெயர். நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை, மூக்கில் கண்ணாடி, இரண்டு முழங்காலிலும் வலி. ஆனாலும் மாடியிலிருந்து அண்ணன் “பாப்பா!” என்று ஒரு குரல் கொடுத்தால், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் குழந்தை எங்கே என்று எட்டிப் பார்ப்பார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கீழ்ப்பகுதியில் அவள், மாடியில் அண்ணனும் அண்ணியும். அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்லுகிற ஆள் என்று பணிமனையில் பேர் எடுத்தவன்.

அவர்கள் பிறந்தது எல்லையோர ஊரில். நடுவில் ஆறு. அக்கரையில் வேறு நாடு, வேறு மொழி. ஆனால் மொழிக்கு நீந்தத் தெரியும் இல்லையா? இக்கரையிலும் அந்த அக்கரை மொழி பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். பாப்பாவின் அடுத்த வீட்டில் ஒரு தையல்காரம்மா. அப்பா போய்ச் சேர்ந்து, அம்மா ஆலை வேலைக்குப் போன காலத்தில், பாப்பா பகலெல்லாம் அந்தத் தையல் மெஷினுக்குக் கீழேதான் கிடப்பாள். பொத்தான் பொறுக்கிக்கொண்டே மொழியையும் பொறுக்கிக்கொண்டாள். அண்ணனுக்கும் அந்த மொழி வரும், சந்தையில் பேரம் பேசவும் சண்டையில் திட்டவும் வேண்டிய அளவுக்கு.

அவளுக்குப் பதினான்கு வயதானபோது போர் வந்தது. ஒருநாள் காலையில் தையல்காரம்மா வீடு திறந்து கிடந்தது, ஆட்கள் இல்லை. அந்தத் தெருவில் அக்கரை மொழி பேசிய எந்த வீட்டிலும் ஆட்கள் இல்லை. எங்கே போனார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அண்ணனைப் படையில் லாரி ஓட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் அனுப்பிய சம்பளத்தில்தான் பாப்பா பள்ளிக்கூடத்தை முடித்தாள், தட்டச்சு படித்தாள். ஒருமுறை விடுப்பில் வந்தவன், “ஆத்து வளைவுல ஒரு ஊரு பாப்பா. அங்கதான் இருக்கோம். பெரிய தானியக் கிடங்கு இருக்கு, சாப்பாட்டுக்குக் கவலை இல்ல” என்றான். அடுத்த முறை வந்தபோது எந்த ஊரைப் பற்றியும் பேசவில்லை. போர் முடிந்து வீடு திரும்பிய பிறகும் பேசவில்லை. “லாரி ஓட்டினேன். அவ்வளவுதான்” என்பான், யாராவது கேட்டால். யாரும் அதிகம் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

நாடும் அப்படித்தான் இருந்தது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் போருக்கு ஒரு பத்தி ஒதுக்கினார்கள், அதில் பாதி தளபதிகளின் குதிரைகளைப் பற்றி. அக்கரை மொழி தெரியும் என்று சொல்லிக்கொள்வது திருட்டு நகையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது மாதிரி. பாப்பா நகரத்துக்கு வந்த பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மொழியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. குளிக்கும்போது மட்டும் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் எப்போதாவது ஒரு பழமொழி வாயில் வந்து விழும். சட்டென்று உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

பிறகு ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் ஒரு விசாரணை மன்றம் வைத்தார்கள். போரில் நம் படை, இக்கரையிலேயே குடியிருந்த அந்த மக்களை என்ன செய்தது என்று தப்பிப் பிழைத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது, கேட்டதை வெளியில் சொல்வது. அதுதான் மன்றத்தின் வேலை. தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பெண் நீதிபதி. சாட்சிகள் ஆற்றைத் தாண்டி வரத் தயாராக இருந்தார்கள். ஆனால் அவர்கள் பேசுவதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே. நாடு முழுக்கச் சலித்துப் பார்த்ததில் தேறினவர்கள் இரண்டே பேர். ஒருவர் காது மந்தமான ஒரு கிழவர். இன்னொருத்தி பாப்பா. நீதிமன்றத்தில் கூட வேலை பார்த்த யாரோ அவள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எப்படித் தெரிந்துகொண்டார்களோ!

“போய்ட்டு வாயேன்” என்றாள் அண்ணி. “வாய் வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் சும்மா இருப்பே?”

அண்ணன் கட்டிங் பிளேயரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மன்றம் நடந்தது மூடிப்போன ஒரு தபால் நிலையத்தில். முத்திரை குத்துகிற நீண்ட மேசைகளை ஒன்றாகச் சேர்த்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். சாட்சி ஒரு நாற்காலியில், பாப்பா பக்கத்து நாற்காலியில், இருவருக்கும் ஆளுக்கொரு மைக். சாட்சி நாலு வாக்கியம் பேசி நிறுத்துவார், பாப்பா அதை எடுத்துச் சொல்வாள். வானொலியில் நேரடியாகப் போகும். ஒரு விதி இருந்தது: “அவர் ஓடினார்” என்று சொல்லக்கூடாது, சாட்சி எப்படிச் சொல்கிறாரோ அப்படியே, “நான் ஓடினேன்” என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் நாடு முழுவதும் பாப்பாவின் குரலில்தான் அழுதது, ஓடியது, பிள்ளையைப் புதைத்தது. முதல் மாதத்தில் ஒருநாள் காய்கறிக்காரி தராசை அப்படியே பிடித்துக்கொண்டு, “ஏங்க்கா, உங்களுக்கு ரெட்டைப் பிள்ளைங்க இருந்துச்சா? சொல்லவே இல்லியே” என்று கண் கலங்கினாள். விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தக்காளி நசுங்கிப் போனது. எல்லாரும் காய்கறிக்காரி மாதிரி இல்லை. “பொம்பளை என்ன பழி போடறா நம்ம பசங்க மேல!” என்று முடிதிருத்தும் கடையில் வானொலியைப் பட்டென்று நிறுத்தினார்களாம். வாசல் கதவில் ஒருநாள் காலையில் யாரோ ‘இரட்டை நாக்கு’ என்று கரியால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன்தான் ஈரத்துணியால் துடைத்தான். “எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்கான். படிச்ச களவாணி” என்று சிரித்தான். பாப்பாவும் சிரித்தாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு சாட்சி வந்தாள். எழுபதைத் தாண்டிய கிழவி, நல்ல உயரம், கை மட்டும் ஆண்பிள்ளைக் கை மாதிரி அகலம். தொழில் என்ன என்று தலைவர் கேட்டார்.

“மருத்துவச்சி. பிரசவம் பார்ப்பேன்.”

“எந்த ஊர்?”

ஆற்று வளைவில் இருந்த அந்த ஊரின் பெயரைச் சொன்னாள்.

அண்ணன் விடுப்பில் வந்தபோது சொன்ன அதே ஊர். பாப்பா ஊர்ப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். பெயரை மொழிபெயர்க்கவா முடியும்?

மருத்துவச்சி அழவில்லை. பிரசவக் கதை சொல்வது போல ஒழுங்காகச் சொன்னாள். அன்று பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்திக்குத் தலைப்பிரசவம் என்று போயிருந்தாள். குழந்தை பிறந்து, கை கழுவிக்கொண்டு திரும்பி வரும்போது ஊருக்கு வெளியே லாரிகளைப் பார்த்தாள். பயந்துபோய் வாய்க்கால் கரையில் படுத்துக்கொண்டாள். ஊர்ச் சனத்தைக் கிடங்குக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“அதுல பாதிப் பேரை நான்தான் இந்தக் கையால வெளிய எடுத்தேன்” என்றாள். பாப்பா எடுத்துச் சொன்னாள், “அவர்களில் பாதிப் பேரை நான்தான் இந்தக் கையால் உலகத்துக்கு எடுத்தேன்.” வெள்ளைத் துணி மேசைக்குப் பின்னால் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

மருத்துவச்சி தொடர்ந்தாள். “கதவை வெளியில பூட்டினாங்க. லாரி ஓட்டிட்டு வந்தவங்க வண்டியைக் கிடங்கைச் சுத்திக் கொண்டுவந்து நிறுத்தினாங்க. நிறுத்திட்டு, எஞ்சின் உறும உறும ஓங்கி மிதிச்சாங்க. உள்ள இருக்கறவங்க கத்தறது வெளிய கேட்கக் கூடாதுன்னு மிதிச்சாங்க. மூணு வீடு தள்ளி வலி எடுத்தாலே எனக்குக் காது கேட்கும். அன்னிக்கு ஒண்ணுமே கேட்கல. அப்புறம் கொளுத்தினாங்க.”

சொல்லிவிட்டுப் பாப்பாவைப் பார்த்தாள். இனி உன் முறை என்று.

வானொலி பணிமனையிலும் ஓடிக்கொண்டிருக்கும். பேருந்துக்கு அடியில் படுத்துக்கொண்டு அண்ணன் கேட்டுக்கொண்டிருப்பான். பாப்பாவுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் வாய் பார்த்துக்கொண்டது.

“கதவு பூட்டியிருந்தது. கிடங்கைச் சுற்றி லாரிகள் நின்றன. எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று வீடு தள்ளிப் பிரசவ வலி எடுத்தாலும் எனக்குக் கேட்கும். அன்று அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கிடங்கு எரிந்தது.”

தவறான தகவல் என்று ஒன்று உண்டா அதில்? பூட்டியிருந்தது உண்மை. எஞ்சின் ஓடியது உண்மை. கிடங்கு எரிந்ததும் உண்மை. மனிதர்கள் மட்டும் இல்லை. வாக்கியத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். பூட்டியவன் போனான், கொளுத்தியவன் போனான், மிதித்தவனும் போனான். அவளைத் திருத்த அந்த அறையில் ஆள் இல்லை. காது மந்தமான கிழவர் அன்று விடுப்பு. மருத்துவச்சிக்கு இந்த மொழி தெரியாது. நாற்காலியிலிருந்து எழுந்து போகும்போது பாப்பாவின் தோளில் கையை வைத்து, “நல்லா எடுத்துச் சொன்னே நீ” என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் பாப்பா வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய். நூறு தடவை சொல்லியும் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்றவன், யாரும் கேட்காமலே வாஷரை மாற்றிக்கொண்டிருந்தான். “இனிமே சொட்டாது பாப்பா” என்றான், நிமிர்ந்து பார்க்காமல். மறுநாள் மாடிப்படி விளக்கு எரிந்தது. அதற்கடுத்த நாள் அவளுடைய உடைந்த குடைக்குப் புதுக் கம்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தன் வாழ்நாளில் அடுப்புப் பக்கம் போயிராத ஆண்பிள்ளை, கீழே இறங்கி வந்து, “டீ போடட்டுமா?” என்றான். அண்ணி மாடியிலிருந்து, “உங்கண்ணனுக்கு என்ன, காய்ச்சலா?” என்று சிரித்தாள். அவன் சீட்டியடித்தான். பாப்பாவுக்குத் தெரிந்து சின்ன வயசுக்கு அப்புறம் அவன் சீட்டியடித்ததே இல்லை.

அப்போதுதான் பாப்பாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வானொலியில் மருத்துவச்சியின் குரலும் வந்திருக்கிறது. அவனுக்கு அந்த மொழி புரியும். அவள் என்ன சொன்னாள், தங்கை என்ன சொன்னாள், இரண்டையும் அவன் கேட்டுவிட்டான். இது நன்றி. அங்கே இல்லாதவன் இப்படி நன்றி சொல்லமாட்டான். அவன் போட்ட டீயை அவள் குடித்தாள். சர்க்கரை அதிகம். நல்லா இருக்குண்ணா என்றாள்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். பாப்பாவின் வாக்கியம் நடந்தது மட்டுமா, ஊர் ஊராக ஓடியது. படையின் தரப்பு வக்கீல் மறுவாரமே எழுந்து நின்றார். “சாட்சியே என்ன சொல்கிறார்? கிடங்கு எரிந்தது என்கிறார். யாரும் எரித்ததாகச் சொல்லவில்லை. தானியக் கிடங்கு, கோடைக்காலம், ஒரு பொறி போதாதா? லாரிகள் ஓடத் தயாராக நின்றன என்கிறார். அந்த மக்களை ஏற்றிக் காப்பாற்றத்தான் அவை வந்திருக்கும் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?” பத்திரிகைகள் ‘கிடங்கு விபத்து’ என்று எழுத ஆரம்பித்தன. டீக்கடையில் ஒருவர், “பாவம், நம்ம பசங்க காப்பாத்தப் போய்க் கெட்ட பேரு” என்று பெருமூச்சு விட்டார். விட்டவருக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கேட்டுக்கொண்டே பாப்பா சில்லறையை வாங்க மறந்து வெளியே வந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். அவள் மறைத்தது அவள் அண்ணன் ஒருவனைத்தான். அந்தச் சோற்றுக்குள் இப்போது ஒரு படையே ஒளிந்துகொண்டது.

சில வாரங்கள் மென்று முழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை. தலைவரின் அறைக்குப் போய், நின்றபடியே சொன்னாள். அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை. “நான் தப்பா எடுத்துச் சொல்லிட்டேம்மா. அந்தம்மா, கொளுத்தினாங்கன்னு சொன்னாங்க. டிரைவருங்க வேணும்னே மிதிச்சாங்கன்னு சொன்னாங்க” என்று மட்டும் சொன்னாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கண்ணைத் தேய்த்தார். நல்ல மனுஷி. மூன்று முறை கல்லெறி வாங்கியும் காரை மாற்றாதவர்.

“இதை எப்பச் சொல்றீங்க பாருங்க” என்றார். “அறிக்கை அச்சுக்குப் போகப் போகுது. இந்த மன்றத்தை மூடணும்னு வாசல்ல ஒரு கூட்டம் நிக்குது. மொழிபெயர்ப்புல ஒரு இடம் தப்புன்னு நாமே சொன்னா, எல்லாமே தப்புன்னு சொல்லிடுவாங்க. இத்தனை பேரு ஆத்தைத் தாண்டி வந்து சொன்னாங்களே, அத்தனையும் போயிடும். ஒரு சொல்லுக்காக எல்லாத்தையும் பலி குடுக்கணுமா?”

“அப்போ?”

“அறிக்கை வந்துடட்டும். அடுத்த பதிப்புல ஒரு திருத்தம் போட்டுக்கலாம்.”

பாப்பா படியிறங்கினாள். சொல்லவேண்டியவரிடம் சொல்லியாச்சு, அவரே வேண்டாம் என்றுவிட்டார், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று உடம்பே லேசாக இருந்தது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்த லேசு நீடித்தது. அதற்கப்புறம் அந்த லேசே உறுத்த ஆரம்பித்தது. தலைவர் சம்மதித்திருந்தால் அவள் அழுதிருப்பாள், அது அவளுக்கே தெரியும்.

அறிக்கை வந்தது. அடுத்த பதிப்பு என்று ஒன்று வரவேயில்லை. வசந்தத்தில், கிடங்கு இருந்த இடத்தில் நினைவுக்கல் வைப்பதாக அரசு அறிவித்தது. அமைச்சர் வருகிறார், பிழைத்தவர்கள் வருகிறார்கள், எடுத்துச் சொல்லப் பாப்பா வரவேண்டும்.

அந்த ஊரை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். ஊர் என்று சொல்ல அங்கே என்ன இருந்தது? ஆறு வளைந்து போனது. ஒரு சதுரமான கல் அடித்தளம், அதில் புல். நாற்காலிகள் போட்டு, ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அக்கரையிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில், கறுப்பு உடுப்பில். அவர்களோடு வந்திருக்கவேண்டிய ஒரு கிழவன் பனிக்காலத்தில் செத்துப்போனான் என்று யாரோ சொன்னார்கள். அமைச்சர் நன்றாகப் பேசினார். “நாடு தலைகுனிகிறது” என்று உண்மையாகவே தலையைக் குனிந்தார். பாப்பா சொல் சொல்லாக எடுத்துச் சொன்னாள். துணியை விலக்கினார்கள். கைதட்டுவதா கூடாதா என்று தெரியாமல் பாதிப் பேர் தட்டி நிறுத்தினார்கள்.

கூட்டம் எழுந்து கலைகிற சமயம், மருத்துவச்சி கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கல்லில் இந்த நாட்டு மொழி மட்டும்தான் இருந்தது.

“என்ன எழுதியிருக்காங்க? படிச்சுச் சொல்லு” என்றாள்.

‘இங்கிருந்த கிடங்கு எரிந்ததில் உயிரிழந்தோர் நினைவாக. நாடு வருந்துகிறது.’

அதுதான் எழுதியிருந்தது. அந்த நொடியில் பாப்பாவின் நாக்கில் இன்னொரு வாக்கியமும் தயாராக வந்து நின்றது. படையினர் கொளுத்திய கிடங்கு என்று இவளிடம் சொல்லிவிட்டால் போதும். சரிபார்க்க இவளால் முடியாது. அந்தப் பக்கம் ஒரு பொய், இந்தப் பக்கம் ஒரு பொய். இரண்டு பக்கத்தாரும் மனசு நிறைந்து வீட்டுக்குப் போவார்கள். எவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது என்பதுதான் பாப்பாவைப் பயமுறுத்தியது. கல்லில் இருந்ததை இருந்தபடியே படித்தாள்.

மருத்துவச்சி ஒருமுறை தலையை ஆட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள்.

“எரிஞ்சுதா? தானா எரிஞ்சுதா?”

பாப்பா கல்லையே பார்த்தாள்.

“நான் அப்படியா சொன்னேன்?”

“இல்லம்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

“ஏன்?”

“எங்கண்ணன் இந்த ஊர்ல லாரி ஓட்டினான்.”

கிழவி அவளைப் பார்த்தாள். அறைவாள் என்று பாப்பா எதிர்பார்த்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

“உயிரோட இருக்கானா?”

“இருக்கான்.”

“சாப்பிடறானா? தூங்கறானா?”

“ம்.”

“சரி.” மருத்துவச்சி அந்த அகலமான கையைக் கல்லின் மேல் வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள். “எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு.”

மைக்கை இன்னும் அணைக்கவில்லை. வானொலி ஆட்கள் வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். பாப்பா போய் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. “ஒரு நிமிஷம்” என்றாள். அமைச்சர் காரின் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். அவள் மருத்துவச்சி சொன்ன வாக்கியங்களை ஒன்று விடாமல் சொன்னாள். பூட்டினார்கள். நிறுத்தினார்கள். கேட்கக் கூடாது என்று மிதித்தார்கள். கொளுத்தினார்கள். “அந்தம்மா இதைத்தான் சொன்னார். மாற்றினது நான். லாரி ஓட்டினவர்களில் ஒருவர் என் அண்ணன்.” அதற்குள் யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள், கடைசி வார்த்தை வானொலியில் போனதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது.

போயிருந்தது.

அவள் வீடு திரும்பியபோது வெயில் இருந்தது. அண்ணன் வேலைக்குப் போகாமல் அவளுடைய சமையலறையில் உட்கார்ந்திருந்தான். அண்ணி கதவுக்கு வெளியே, வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு.

“நான் உங்கிட்டக் கேட்டேனா?” என்றான் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. “அப்படி மாத்திச் சொல்லுன்னு நான் உங்கிட்டக் கேட்டேனா பாப்பா?”

“இல்லண்ணா.”

“நீயாக் குடுத்தே. நீயாப் பிடுங்கிட்டே. கொடுக்காமயே இருந்திருக்கலாமே.” கையைப் பார்த்துக்கொண்டான். “போன பனிக்காலம்தான் நான் நல்லாத் தூங்கினேன், தெரியுமா? இத்தனை வருஷத்துல அப்பத்தான்.”

“அண்ணா...”

“கதவை நான் பூட்டல. தீயை நான் வைக்கல. மிதின்னாங்க, மிதிச்சேன். கால்தானே? காலை அழுத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“எதுக்கு மிதிக்கச் சொன்னாங்கன்னு தெரியுமாண்ணா, அப்போ?”

 வெளியே அண்ணி விசும்புவது கேட்டது.

“முன்னாடி இருந்த லாரி ஒரு தடவை நின்னுபோச்சு” என்றான். “எஞ்சின் அணைஞ்சுபோச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்றதுக்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. அதுக்குள்ள காதுல விழுந்துடுச்சு.” எழுந்துகொண்டான். “அதுக்கு மேல கேட்காதே.”

அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அப்புறம் அவன் அவளோடு பேசவுமில்லை. வீட்டுக்குப் பின்பக்கம் துருப்பிடித்த ஓர் இரும்புப் படி உண்டு, மாடிக்குப் போக. அண்ணன் அதன் வழியாகப் போய்வர ஆரம்பித்தான். இந்த வயசில் அவனுக்கு அந்தப் படி ஆகாது என்று பாப்பா அண்ணியிடம் சொல்லியனுப்பினாள். “எல்லாம் தெரியும்னாரு” என்று பதில் வந்தது.

தலைவர் பயந்தபடிதான் நடந்தது. எல்லாச் சாட்சியமும் பொய் என்று ஊர்வலம் போனார்கள். அக்கரையிலிருந்து ஆட்களை வரவழைத்து, ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டார்கள். பாப்பா சொன்னதில் வேறு பெரிய தவறு எதுவும் இல்லை என்று முடிவாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தலைவர் பதவியை விட்டுப் போய்விட்டார். பாப்பாவுக்கு நீதிமன்ற வேலை போனது. வீட்டிலேயே ஒரு பழைய மெஷினை வைத்துக்கொண்டு மனுக்கள் அடித்துக் கொடுத்தாள். இந்தப் பக்கத்தார் துரோகி என்றார்கள், அந்தப் பக்கத்தார் பொய்க்காரி என்றார்கள். இரண்டும் சரிதான் என்று அவளுக்கே தோன்றியதால் சண்டை போட அவளிடம் ஒன்றும் இல்லை. காய்கறிக்காரி மட்டும் முன்பு போலவே நிறுத்துக் கொடுத்தாள். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு நல்லதும் நடந்தது என்று சொல்லவேண்டும். லாரி ஓட்டினவர்கள் என்ற சொல் வானொலியில் வந்ததைக் கேட்டு, எங்கோ ஓர் ஊரில் பேத்தி வீட்டில் படுக்கையாகக் கிடந்த ஒருவர் தானாக ஆளனுப்பி, “நானும் மிதிச்சேன்” என்று சொன்னார். அவரை அடுத்து இன்னொருவர். அண்ணன் போகவில்லை. மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. உடம்பு சரியில்லை என்று அண்ணி கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல்தான் போனது.

கல்லை மாற்ற ஒரு குழு போட்டார்கள். எந்தச் சொல் போடுவது என்று மாதக்கணக்கில் வாதாடி, கடைசியில் ‘படையினர் கொளுத்திய கிடங்கு’ என்று இரண்டு மொழியிலும் வெட்டினார்கள். பூட்டியது இல்லை, லாரிகள் இல்லை. அவ்வளவு விவரம் கல்லில் பிடிக்காது என்று குழுவில் வாக்கெடுத்து முடிவு செய்தார்களாம். பத்திரிகையில் படித்தபோது பாப்பாவுக்கு நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல் எட்டிப் பார்த்தது. அவள் பத்திரிகையை மடித்து அடுப்புக்குக் கீழே தள்ளினாள். 

அடுத்த கோடையில் ஒருநாள் மத்தியானம் அண்ணி கீழே வந்தாள். முன்படி வழியாக.

“உங்கண்ணன் நேத்து அங்க போய்ட்டு வந்தாரு” என்றாள்.

“எங்க அண்ணி?”

“அங்கதான். பஸ் பிடிச்சு, தனியா. பணிமனைக்குன்னு சொல்லிட்டுப் போனாரு.” அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “வந்து, சாப்பிடாம ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாரு. அப்புறம், ‘எங்களைப் போடலை’ன்னாரு.”

“என்னது?”

“‘கல்லுல எங்களைப் போடலை’ன்னாரு. அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கிட்டாரு.”

பாப்பா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “எப்படிச் சொன்னாரு அண்ணி? நிம்மதியாவா சொன்னாரு, இல்ல...”

“அதைத்தான் பாப்பா உங்கிட்டக் கேட்க வந்தேன்” என்றாள் அண்ணி. “அவரு பேசறது எனக்கு எப்பப் புரிஞ்சிருக்கு? நீதானே அவரோட வளர்ந்தவ.”

மாடியில் கட்டில் கிரீச்சிட்டது. அவன் புரண்டு படுக்கிறான். இரண்டு பெண்களும் மேலே பார்த்தார்கள். பாப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் அண்ணியிடம் சொன்னாள்.